காபிக்கு முன் ஒரு மணி நேரம்

நம் வீடுகளில் நாள்தோறும் உட்கொள்ளப்படும் மருந்துகளில் தைராய்டு மாத்திரையைப் போல் எளிமையாகத் தோற்றமளிப்பது வேறொன்றில்லை. உருவில் மிகச் சிறியது. விலையோ மாத்திரை ஒன்றுக்கு ஒன்றிரண்டு ரூபாய். நூறு அல்லது நூற்றிருபது மாத்திரைகள் அடங்கிய குப்பி ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் மூன்று, நான்கு மாதங்களுக்குக் கவலையில்லை. இந்த எளிமையே அதைப் பற்றிய அலட்சியத்துக்கும் காரணமாகிவிடுகிறது. அந்த அலட்சியத்துக்கு உரிய விலையை எங்கள் குடும்பம் கொடுத்த பிறகுதான் இம்மருந்தைப் பற்றி நான் படிக்கத் தொடங்கினேன்.

அம்பத்தூரில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வசித்து வருகிறோம். என் மனைவிக்கு ஐம்பத்து மூன்றாவது வயதில் தைராய்டு குறைசுரப்பு இருப்பது தெரியவந்தது. நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம் மாத்திரை போதும் என்றார் மருத்துவர். சில ஆண்டுகள் எல்லாம் சீராகவே இருந்தன. பின்னர் முழங்கால் வலிக்காகப் பார்த்த எலும்பு மருத்துவர் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நெஞ்செரிச்சலுக்காகப் பார்த்த மற்றொருவர், காலையில் வெறும் வயிற்றில் போடும்படி ‘கேஸ் மாத்திரை’ ஒன்றைக் கொடுத்தார். மூன்றையும் மறக்காமல் இருக்க என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தார். எழுந்தவுடன் மூன்றையும் ஒன்றாகப் போட்டு, கையோடு காபியையும் குடித்துவிடுவார்.

அடுத்து வந்த ரத்தப் பரிசோதனைகளில் டி.எஸ்.எச். அளவு ஏறிக்கொண்டே போனது. மாத்திரையின் அளவும் 75, 100, 125 என்று ஏறியது. அவ்வாண்டு கோடையில் எங்கள் மகளின் பிரசவத்துக்காக மனைவி கோயம்புத்தூர் சென்றார். கிளம்பும் அவசரத்தில் தைராய்டு குப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டார். வலி இல்லாததால் அவற்றை அங்கே வாங்கவும் இல்லை. மகள் வீட்டில் அனைவரும் எழுந்து காபி கலக்க ஏழு மணி ஆகும். மாத்திரையோ ஐந்தரைக்கே போட்டாகிவிடும். இரண்டு மாதங்கள் கழித்து ஒரு நள்ளிரவில் அவருக்குக் கடும் படபடப்பு, கைகள் நடுங்கின, மூச்சு வாங்கியது. மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தபோது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது தெரிந்தது. ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான்.

பணியில் இருந்த இளம் மருத்துவர் கேட்ட கேள்வி இன்னும் என் நினைவில் இருக்கிறது. “புதிதாக என்ன மருந்து சாப்பிட்டீர்கள்?” என்று அவர் கேட்கவில்லை. “அம்மா, இங்கே வந்த பிறகு எந்த மருந்தை நிறுத்தினீர்கள்?” என்றுதான் கேட்டார். அம்பத்தூரில் இருந்தவரை கால்சியமும் கேஸ் மாத்திரையும் காபியும் சேர்ந்து தைராய்டு மருந்தின் பெரும்பகுதியை உடலில் சேரவிடாமல் தடுத்திருக்கின்றன. அதை ஈடுகட்டவே மருந்தின் அளவு உயர்ந்துகொண்டே போயிருக்கிறது. தடைகள் நீங்கியதும் 125 மைக்ரோகிராமும் முழுமையாக உடலில் சேர்ந்துவிட்டது. மூன்று மருத்துவர்களும் அவரவர் அளவில் சரியாகவே எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூன்று சீட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத்தான் ஆளில்லை. அவற்றைத் தேதிவாரியாகக் கோப்பில் அடுக்கி வைத்திருந்த நானும் பார்க்கவில்லை.

மருத்துவச் சேவை மற்றச் சந்தைப் பண்டங்களைப் போன்றதல்ல என்று பொருளியலறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். நோயின் நிச்சயமின்மையும், மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே உள்ள தகவல் ஏற்றத்தாழ்வும் அதற்கு அவர் கூறிய முக்கியக் காரணங்கள். வகுப்பறையில் பல ஆண்டுகள் அதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். என் வீட்டு மருந்துப் பெட்டியில் அதே ஏற்றத்தாழ்வு இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த இடைவெளியை ஓரளவாவது குறைக்கலாம் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன். இது மருத்துவ ஆலோசனைக்கு மாற்றல்ல. மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கான துணை மட்டுமே.

முதலில் சுரப்பியைப் பற்றிச் சில சொற்கள். கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ள தைராய்டு, தைராக்சின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. உடலின் ஒவ்வோர் உயிரணுவும் எவ்வளவு வேகத்தில் இயங்க வேண்டும் என்பதை அது நிர்ணயிக்கிறது. அது குறைந்தால் சோர்வு, உடல் எடை கூடுதல், மலச்சிக்கல், தோல் வறட்சி, குளிர் தாங்காமை, மாதவிடாய்க் கோளாறு, மறதி ஆகியவை தோன்றும். அது மிகுந்தால் படபடப்பு, நடுக்கம், உறக்கமின்மை, எடை குறைதல் என்று எல்லாம் தலைகீழாகும்.

டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் அன்று. மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்குவதற்காக அனுப்பும் ஆணை அது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தொழிலாளி மந்தமானால் மேற்பார்வையாளரின் குரல் உயரும். உற்பத்தி தேவைக்கு மேல் போனால் அவர் குரல் அடங்கிவிடும். டி.எஸ்.எச். அந்த மேற்பார்வையாளரின் குரல். எனவே டி.எஸ்.எச். ‘அதிகம்’ என்றால் தைராக்சின் குறைவு, டி.எஸ்.எச். மிகவும் ‘குறைவு’ என்றால் தைராக்சின் மிகுதி. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, “தைராய்டு அதிகமாகிவிட்டது” என்று மாத்திரையைத் தாமே குறைத்துக்கொள்பவர்கள் உண்டு.

இக்குறைபாடு அரிதானதன்று. சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வு, பெரியவர்களில் 10.95 சதவீதத்தினருக்குத் தைராய்டு குறைசுரப்பு இருப்பதாகத் தெரிவித்தது. அதாவது ஒன்பது பேரில் ஒருவருக்கு. இவர்களில் 3.47 சதவீதப் புள்ளியினர், தமக்கு இக்குறை இருப்பதையே அறியாதிருந்தவர்கள். ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம்.

நாட்டில் ஒரு காலத்தில் தைராய்டு என்றாலே அயோடின் குறைபாடும் கழுத்துக் கழலையும்தான் நினைவுக்கு வரும். 1962-இல் தேசியக் கழலை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டதும், உப்பில் அயோடின் சேர்க்கப்பட்டதும் அதற்காகவே. இன்று நகர்ப்புறங்களில் காணப்படும் குறைசுரப்புக்குப் பெரும்பாலும் காரணம், உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே தாக்கும் ‘ஹாஷிமோட்டோ’ என்ற நிலை. உப்பை மாற்றுவதாலோ முட்டைக்கோஸைத் தவிர்ப்பதாலோ அது குணமாகாது. அதே சமயம், இயற்கை என்ற பெயரில் அயோடின் சேர்க்கப்படாத இந்துப்புக்கு முழுக் குடும்பமும் மாறுவது புதிய சிக்கலுக்கே வழிவகுக்கும்.

மருந்தின் வரலாறு வியப்பானது. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் முர்ரே என்ற மருத்துவர், ஆட்டின் தைராய்டுச் சாற்றைக் கடுமையான குறைசுரப்பு நோய் கண்ட ஒரு பெண்மணிக்கு ஊசிமூலம் செலுத்தினார். அப்பெண்மணி அதன் பிறகு இருபத்தெட்டு ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார். 1914-இல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டால் தைராக்சினைப் பிரித்தெடுத்தார். 1927-இல் அது செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. இன்று நாம் உட்கொள்ளும் லெவோதைராக்சின், நம் சுரப்பி உண்டாக்கும் தைராக்சினின் அதே வடிவம். எனவே இது உடலுக்கு அந்நியமான பொருளன்று. உடலில் குறைந்துபோனதை ஈடுசெய்வது. உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும், நம் நாட்டின் தேசியப் பட்டியலிலும் இது இடம்பெற்றிருப்பதற்குக் காரணம் இதுவே.

ஆயினும் இதன் அளவு கிராமில் அல்ல, மில்லிகிராமில்கூட அல்ல. மைக்ரோகிராமில், அதாவது கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் கணக்கிடப்படுகிறது. தேவையான அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறுகியது. வெறும் வயிற்றில் உட்கொண்டால் மருந்தில் ஏறத்தாழ 60 முதல் 80 சதவீதம் சிறுகுடல் வழியாக ரத்தத்தில் சேர்கிறது. உணவோடு உட்கொண்டால் இது வெகுவாகக் குறைகிறது. அதுவும் நாளுக்கு நாள் வேறுபடுகிறது. இந்த வேறுபாட்டைத் தவிர்ப்பதற்காகவே ‘வெறும் வயிற்றில்’ என்ற கட்டுப்பாடு.

எழுந்தவுடன் வெறும் தண்ணீருடன் மாத்திரை. பிறகு குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம், எதுவும் கூடாது. இந்த ‘எதுவும்’ என்பதில் காபியும் தேநீரும் அடங்கும் என்பதை நம்மவர்கள் ஏற்பதில்லை. “காபி என்ன சாப்பாடா?” என்பதே எங்கள் வீட்டிலும் கேட்ட கேள்வி. எவ்வளவு மருந்து கொடுத்தும் டி.எஸ்.எச். இறங்காத சில நோயாளிகளை ஆராய்ந்த இத்தாலிய மருத்துவர்கள், காபியுடன் சேர்த்து மாத்திரையை விழுங்குவதே காரணம் என்று 2008-இல் வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்தது பால் சேராத காபி. நம் காபியிலோ பாலும் உண்டு. பாலில் உள்ள கால்சியமும் மருந்து சேர்வதைக் குறைக்கும். சத்துமாவுக் கஞ்சி, சோயா, நார்ச்சத்துப் பொடி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

அடுத்தது, மற்ற மாத்திரைகள். கால்சியம், இரும்புச்சத்து, அவை இரண்டும் கலந்த ‘மல்ட்டி வைட்டமின்’, அலுமினியம் அல்லது மக்னீசியம் கலந்த வயிற்று மருந்துகள் ஆகியவை குடலில் தைராக்சினுடன் பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்கின்றன. இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் இடையே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியத்தை மதிய உணவோடும் இரவு உணவோடும் வைத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற கேஸ் மாத்திரைகளின் செயல் வேறுவிதமானது. மாத்திரை நன்கு கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும். இவை அந்த அமிலத்தையே நாள் முழுவதும் குறைத்துவிடுகின்றன. ஆகவே இடைவெளி விடுவதால் மட்டும் பயனில்லை. இவற்றைத் தொடர்ந்து உட்கொள்ளத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் தைராய்டு மருத்துவரிடம் சொல்லி டி.எஸ்.எச். பார்த்துக்கொள்ள வேண்டும். வலிப்பு நோய்க்கான சில மருந்துகளும், காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் தைராக்சின் தேவையைக் கூட்டும். ரத்தம் உறையாமைக்கான வார்ஃபரின், நீரிழிவு மருந்துகள் ஆகியவற்றின் அளவு, தைராய்டு மருந்து மாறும்போது மாற வேண்டியிருக்கலாம்.

இந்த விதிகளைக் கேட்டதும், “அதிகாலையில் ஓடுகிறவர்கள் என்ன செய்வது?” என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். பூந்தமல்லியில் விடிவதற்கு முன்பே நிறுவனப் பேருந்துகள் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லக் காத்து நிற்கின்றன. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடியிலும் ‘ஷிஃப்ட்’ முறையில் வேலை செய்பவர்கள் ஏராளம். அவர்களால் மாத்திரைக்கும் சிற்றுண்டிக்கும் இடையே ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாது. அவர்களுக்கும் வழி உண்டு. 2010-இல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வொன்றில், படுக்கைக்குச் செல்லும்போது மாத்திரை போட்டவர்களுக்கு, காலையில் போட்டவர்களைவிட மருந்து நன்றாகவே சேர்ந்திருந்தது. இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். படுக்கும்போது பால் அருந்தக் கூடாது. கால்சியம் மாத்திரையும் அந்நேரத்தில் கூடாது. ரமலான் நோன்பு நோற்பவர்களுக்கும் மருத்துவரின் ஆலோசனையுடன் இவ்வழி பொருந்தக்கூடும். எந்த நேரம் என்பதைவிட, தேர்ந்தெடுத்த நேரத்தில் ஒரே மாதிரி உட்கொள்வதே முதன்மையானது.

ஒருநாள் மறந்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. தைராக்சினில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஏழு நாள்கள் ஆகும். அன்றே நினைவு வந்தால், வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் நினைவு வந்தால் வழக்கம்போல் தொடர்வதே பாதுகாப்பு. மருத்துவர் வேறு வகையில் கூறியிருந்தால் அதன்படி நடக்கலாம். அடிக்கடி மறந்தால் மட்டும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. மறைத்தால், மருந்து போதவில்லை என்று கருதி அவர் அளவைக் கூட்டிவிடுவார்.

மருந்து மெல்ல நீங்குகிறது என்பதற்கு மற்றொரு விளைவும் உண்டு. அளவை மாற்றிய மறுவாரமே பரிசோதித்தால் உண்மை தெரியாது. உடலில் புதிய சமநிலை ஏற்பட ஆறு வாரங்கள் வரை ஆகும். எனவே அளவு மாறிய ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பிறகே டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். சீரான பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ ஆண்டுக்கு ஒரு முறையோ போதும். பரிசோதனையன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுவது நல்லது. ஏனெனில் மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு டி-4 அளவு தற்காலிகமாக உயர்ந்து காணப்படும். முடி உதிர்வுக்காக இப்போது பலரும் உட்கொள்ளும் பயோட்டின் மாத்திரை, பல ஆய்வகங்கள் கையாளும் சோதனை முறையையே குழப்பி, டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும். தைராய்டு குறைவால் முடி உதிர, அதற்காகப் பயோட்டின் உண்ண, அது தைராய்டு பரிசோதனையைப் பிழையாக்கும் விந்தையான வட்டம் இது. பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள்களுக்கு முன்பே அதை நிறுத்த வேண்டும்.

மிகப் பரவலான தவறு, “நார்மல் வந்துவிட்டது” என்று மாத்திரையை நிறுத்திவிடுவது. கண்ணாடி அணிந்ததும் எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்பதற்காகக் கண் சரியாகிவிட்டது என்று யாரும் கண்ணாடியைத் தூக்கி எறிவதில்லை. மாத்திரை போடுவதால்தான் நார்மல். நிறுத்தினால் முதல் சில வாரங்களுக்கு வேறுபாடு தெரியாது. அதுவே மக்களை ஏமாற்றுகிறது. பல மாதங்கள் நிறுத்திவைத்த முதியவர்கள், ஒரு நோய்த்தொற்று வரும்போது உயிருக்கே ஆபத்தான மயக்கநிலைக்குச் செல்வதுண்டு. மகப்பேற்றுக்குப் பின் தோன்றும் தற்காலிகத் தைராய்டு கோளாறு போன்ற சில நிலைகளில் மருந்தை நிறுத்த முடியும். ஆனால் அந்த முடிவு மருத்துவருடையது.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. எடை குறையும் என்று எண்ணித் தேவையில்லாதவர்கள் இதை உட்கொள்வதும், சுறுசுறுப்புக்காக அளவைத் தாமே கூட்டிக்கொள்வதும் ஆபத்தானவை. மிகையான தைராக்சின் இதயத் துடிப்பைக் குலைக்கும். மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புகளை மெலியச் செய்யும். முதியவர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டும். வயது கூடும்போது டி.எஸ்.எச். இயல்பாகவே சற்று உயர்கிறது. 65 வயதைக் கடந்த, இலேசான குறைசுரப்பு மட்டுமே உள்ள 737 பேரிடம் ஐரோப்பாவில் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வு, அத்தகையோருக்கு மாத்திரையால் சோர்வு முதலான அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்று கண்டது. எனவே ‘முழு உடல் பரிசோதனை’ அறிக்கையில் ஓர் எண் தடித்த எழுத்தில் இருப்பதாலேயே எழுபது வயதில் மாத்திரை தொடங்க வேண்டியதில்லை. தொடங்க வேண்டியிருந்தால், குறிப்பாக இதயநோய் உள்ளவர்களுக்கு, மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல உயர்த்துவதே முறை.

கருவுற்ற பெண்களின் நிலை இதற்கு நேர்மாறானது. கருவின் தைராய்டு செயல்படத் தொடங்கும்வரை, அதன் மூளை வளர்ச்சிக்குத் தேவையான தைராக்சின் முழுவதும் தாயிடமிருந்தே செல்கிறது. ஏற்கெனவே மாத்திரை உட்கொள்ளும் பெண்களுக்குக் கருவுற்றதும் தேவை ஏறத்தாழ 25 முதல் 30 சதவீதம் உயர்கிறது. “கர்ப்பமாயிற்றே, மாத்திரை வேண்டாம்” என்று வீட்டுப் பெரியவர்கள் நிறுத்தச் சொல்வது எவ்வளவு பெரிய தீங்கு என்பதை உணர வேண்டும். கருவுற்றது உறுதியானவுடன் மருத்துவரைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். கர்ப்பகாலத்தின் முற்பாதியில் ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒரு முறை பரிசோதிக்க வேண்டும். அதே காலத்தில்தான் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் வழங்கப்படுகின்றன. அவை இரண்டும் இன்றியமையாதவை. ஒன்றையும் விடக் கூடாது. நான்கு மணி நேர இடைவெளி மட்டும் தவறக் கூடாது.

மருந்தை வைக்கும் இடமும் கவனத்துக்குரியது. தைராக்சின் வெப்பம், ஈரம், ஒளி ஆகிய மூன்றாலும் வீரியம் இழக்கக்கூடியது. குப்பியின் மீது பொதுவாக 25 அல்லது 30 டிகிரிக்குக் குறைவான வெப்பநிலை என்று அச்சிட்டிருப்பார்கள். சென்னையின் மேற்குப் புறநகரில் கோடைப் பகல் 40 டிகிரியைத் தொடும்போது, அடுப்பங்கரை அலமாரியும், வெயில் படும் சன்னலோரமும், குளியலறையும் அதற்கு ஏற்றவையல்ல. வீட்டின் குளிர்ச்சியான, உலர்ந்த உள்ளறையே தக்க இடம். ஈரக் கையால் எடுக்கக் கூடாது. மூடியை உடனே இறுக மூட வேண்டும். தாய்க்கு 100, மகளுக்கு 25 என்று ஒரே வீட்டில் ஒரே மாதிரியான இரு குப்பிகள் இருந்தால், மூடியின் மேல் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுவது நல்லது.

குப்பியை வாங்கும்போது பெயரை மட்டும் பார்க்காமல், மைக்ரோகிராம் எண்ணையும் காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும். 2023 மார்ச்சில், நாட்டில் பெருமளவில் விற்பனையாகும் தைராக்சின் மாத்திரையின் ஒரு தொகுதியை அதன் நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டது. மத்தியப் பிரதேசத்திலும் தெலங்கானாவிலும் விநியோகிக்கப்பட்ட அத்தொகுதியில், 88 மைக்ரோகிராம் மாத்திரைகளின் மீது 25 என்ற பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டிருந்ததே காரணம். நிறுவனமே முன்வந்து அறிவித்தது பாராட்டத்தக்கது. ஆனால் மாத்திரையின் நிறமோ உருவமோ வழக்கத்துக்கு மாறாக இருந்தால் கடைக்காரரிடம் கேட்ட பிறகே உட்கொள்ள வேண்டும் என்ற பாடமும் அதில் இருக்கிறது.

நிறுவனத்தை மாற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017-இல் பிரான்ஸில் ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் உட்கொண்ட தைராக்சின் மாத்திரையில், மருந்துப் பொருளை மாற்றாமல், அதனுடன் சேர்க்கும் துணைப் பொருள்களை மட்டும் மாற்றினார்கள். ஆயிரக்கணக்கானோர் சோர்வு, தலைச்சுற்றல் என்று முறையிட்டனர்; இறுதியில் பழைய மாத்திரையையும் அரசு மீண்டும் கிடைக்கச் செய்ய வேண்டியதாயிற்று. இதைக் கொண்டு, விலை குறைந்த மருந்து தரம் குறைந்தது என்று முடிவு கட்டக் கூடாது. மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களும் குடும்பச் செலவைக் குறைப்பவை. எந்த நிறுவனத்தின் மாத்திரையானாலும் ஒன்றிலேயே நிலைத்திருக்க வேண்டும் என்பதே கருத்து. மாற்ற நேர்ந்தால், ஆறு முதல் எட்டு வாரங்களில் ஒரு முறை டி.எஸ்.எச். பார்த்துவிட வேண்டும்.

பொருளியல் ஆசிரியன் என்ற முறையில் ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் தைராய்டு மருந்துக்கு ஓராண்டில் ஆன செலவு ஆயிரம் ரூபாயைத் தாண்டியதில்லை. அதைத் தவறாக உட்கொண்டதால் மீண்டும் மீண்டும் செய்த பரிசோதனைகள், மருத்துவர் கட்டணம், நான்கு நாள் மருத்துவமனை வாசம் ஆகியவற்றின் செலவு, அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு மாத்திரை வாங்கப் போதுமானது. பேறுகாலத்தில் இருந்த மகளுக்குத் துணையாகச் சென்ற தாய், மகளின் கவலையாக மாறியதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இந்தச் செலவைத் தவிர்க்கத் தேவையானது புதிய மருந்தோ புதிய கருவியோ அல்ல. உரிய இடத்தில் நான்கு வரிகள். மருந்துப் பெயர்ச்சீட்டில் இருக்கும் குறிப்புகள் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கின்றன. மருந்துக் கடைகள் தைராய்டு குப்பியைக் கொடுக்கும்போது, ‘வெறும் வயிற்றில் தண்ணீருடன், ஒரு மணி நேரம் கழித்தே காபி, கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி, தானாக நிறுத்தக் கூடாது’ என்று தமிழில் ஒரு சிறு சீட்டை ஒட்டிக் கொடுத்தால் என்ன? 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடுதேடி மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர்கள், தைராய்டு மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்கலாம். கருவுற்ற தாய்மார்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை வழங்கும் செவிலியர்களும் அதே கேள்வியைக் கேட்கலாம். இவை எதற்கும் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. எந்த மருத்துவரிடம் சென்றாலும், எந்த நோய்க்காகச் சென்றாலும், வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளின் பெயரும் அளவும் நேரமும் எழுதிய ஒரே தாளை அவர் முன் வைக்க வேண்டும். கடையில் வாங்கும் சத்து மாத்திரையும் நாட்டு மருந்துப் பொடியும் அதில் இடம்பெற வேண்டும்.

என் மனைவி இப்போது 50 மைக்ரோகிராமில் இருக்கிறார். முதலில் எழுதிக் கொடுத்த அதே அளவு. இதயத் துடிப்பு சீராகிவிட்டது. குப்பி சமையலறையிலிருந்து படுக்கையறை அலமாரிக்கு மாறியிருக்கிறது. கால்சியம் மாத்திரை இரவுச் சாப்பாட்டோடு. காலை ஐந்தரைக்கு மாத்திரை, ஆறரைக்குக் காபி. அந்த ஒரு மணி நேரமும் எங்கள் தெருவில் இருவரும் நடந்துவிட்டு வருகிறோம். காபிக்கு முன் ஒரு மணி நேரம் காத்திருப்பது, கேட்பதற்குத்தான் கடினம்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர், ஓய்வு)